பெட்டி எடுத்துக்கிட்டுப் போகணும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். எங்கள் வீட்டுக்கு வெளியூரிலிருந்து யார் வந்தாலும் மறுநாளோ அதற்கு மறுநாளோ மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போவது எழுதாத சட்டம். காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியது, ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, கடற்கரைக் கோயில் என்று ஒரு சுற்று, பாசிமணி மாலைக்குப் பேரம், சாயங்காலம் திரும்ப பஸ். எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் 2023 வரைக்கும் ஒரு ராத்திரிகூட அங்கே தங்கினதில்லை. பக்கத்தில் இருக்கிறவன் எதற்குக் காசு கொடுத்துப் படுக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை நான் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் ஆர்.எம்.எஸ். ஆசாமி. ஓடுகிற ரயிலின் தபால் பெட்டியில் நின்றுகொண்டே ராத்திரி முழுக்கக் கடிதம் பிரித்தவன். விடிந்ததும் ஏதோ ஒரு ஊர் ஸ்டேஷனில் இறங்கி, ரெஸ்ட் ஹவுசில் கயிற்றுக்கட்டிலோ பெஞ்சோ கிடைத்தால் அதில் சாய்ந்து, சாயங்காலம் மறுபடி வண்டி ஏறினவன். எங்கள் செட்டில் ஆறு பேர் குறட்டை விட்டாலும் ஏழாவது ஆள் தூங்குவான். தூக்கத்துக்குத் தேவை களைப்பு, அறை இல்லை என்பது என் முப்பத்தாறு வருஷ சர்வீஸ் கற்றுக்கொடுத்த பாடம்.

அந்த முப்பத்தாறு வருஷத்தில் பாதி ராத்திரிகள் என் மனைவி வீட்டில் தனியாக இருந்தாள் என்பதை இந்தப் பாடத்தோடு சேர்த்து நான் யோசித்ததில்லை.

எங்களுக்குக் கல்யாணம் 1983 தை மாதம். மாசிப் பௌர்ணமி அன்று மாமல்லபுரம் போனோம். அவள் மதுராந்தகத்துக்காரி. ‘சிவகாமியின் சபதம்’ பைண்டு புத்தகத்தைப் பிறந்த வீட்டுச் சீதனம் மாதிரி கொண்டுவந்தவள். ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கதை மனசில் தோன்றியது என்று கல்கி முன்னுரையில் எழுதியிருக்கிறார் அல்லவா, அதைப் படித்ததிலிருந்து அவளுக்கு அந்த மணலில் ராத்திரி உட்கார வேண்டும் என்று ஆசை. நிலா கடலிலிருந்து எழும்பி வந்தது. பித்தளைத் தாம்பாளத்தைத் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கின மாதிரி என்று அவள் சொன்னாள். எனக்குக் கடைசி பஸ் கவலை.

“இங்கேயே தங்கிடலாமா?” என்றாள்.

ஒத்தவாடைத் தெருப் பக்கம் ஒரு சின்ன லாட்ஜ். வாடகை முப்பதோ முப்பத்தைந்தோ. மேஜைக்குப் பின்னால் இருந்த ஆள் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எங்கள் கைகளைப் பார்த்தார். “லக்கேஜ் இல்லையா சார்?” என்றார். ஒரு துணிப்பை இருந்தது. அதில் புளியோதரை டப்பா. “இல்லை” என்றேன். “அப்ப ரூம் இல்லை” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். மஞ்சள் கயிறு மஞ்சள் வாடைகூடப் போகாமல் அவள் கழுத்தில் இருந்தது. அவள் அதை வெளியே எடுத்துக் காட்டப் போனாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

வெளியே கடற்கரையில் இருளர் ஜனங்கள் நூற்றுக்கணக்கில் தங்கியிருந்தார்கள். மாசி மகத்துக்கு அவர்கள் வருஷா வருஷம் அங்கே கூடுவார்கள். நாலு குச்சி நட்டு, மேலே புடவையைக் கட்டினால் அதுதான் வீடு. அதைப் பார்த்துவிட்டு இவள் சொன்னாள்: “அவங்க மாதிரி நாமளும் மணல்லயே படுத்துடலாம். பெட்டி கேக்க மாட்டாங்க.” நான் சிரிக்கவில்லை. கோபமாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இங்கே எழுதும்படியாக இல்லை. கடைசி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு இந்தக் கதையை நான் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். “இவ தங்கலாம்னா. முப்பது ரூபா தண்டம்னு நான்தான் வேணாம்னுட்டேன்” என்று. சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், பிறகு பிள்ளைகள், எல்லோரிடமும். கஞ்சன் என்ற பெயர் பரவாயில்லை, அந்த லாட்ஜ்காரர் பார்த்த பார்வை வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்திருக்கிறேன். நான் இப்படிச் சொல்லும்போதெல்லாம் இவள் பக்கத்தில்தான் இருப்பாள். ஒரு தடவைகூடத் திருத்தினதில்லை.

2023-ல் நாற்பது வருஷம் முடிந்தது. கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்து, “மாசிப் பௌர்ணமிக்கு அம்மாவை மாமல்லபுரத்துல ஒரு நாள் தங்க வைங்கப்பா, நல்ல ரிசார்ட்டா பாருங்க, நான் பணம் கட்டறேன்” என்றாள். மகள் பணத்தில் தங்குவதா என்று உடனே ரோஷம் வந்தது. ரோஷம் வந்த வேகத்தில் நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தபால்காரன் நேரில் பார்க்காமல் எதையும் நம்பமாட்டான். ஒரு நாள் தனியாகப் பஸ் ஏறிப் போய் இரண்டு தினுசையும் பார்த்துவிட்டு வந்தேன். மாமல்லபுரத்தில் தங்குவது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ரோடு சரியில்லாத அந்தக் காலத்தில் மதராசிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாயில் ராத்திரிப் படகில் வருவார்கள், படகேதான் படுக்கை. பெரிய ஓட்டல் என்று பார்த்தால் கோவளத்தில் பழைய கோட்டை இருந்த இடத்தில் தாஜ்காரர்கள் 1974-ல் ‘ஃபிஷர்மேன்ஸ் கோவ்’ கட்டினார்கள். 1984-ல் யுனெஸ்கோ இந்தச் சிற்பங்களை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. பிறகு ஈ.சி.ஆர். வந்தது. அப்புறம் கடலோரம் நெடுக ரிசார்ட்தான். 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தார்களே, ஊரே வெள்ளையடித்துக்கொண்டு நின்றதே, அந்த இரண்டு பேரும் ராத்திரி மாமல்லபுரத்தில் தங்கவில்லை. இவர் கோவளம், அவர் கிண்டி. கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு ராத்திரி கிளம்பிப் போகிற விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு நல்ல துணை.

ஒத்தவாடைத் தெருவில் நான் பார்த்த லாட்ஜ் சுத்தமாகவே இருந்தது. 1983-ல் பார்த்ததா என்று தெரியவில்லை, அந்தப் பக்கமே அடையாளம் மாறிவிட்டது. கீழே சிற்பக்கடை, மாடியில் வெள்ளைக்காரர்கள் துணி காயப்போட்டிருந்தார்கள், எதிரே மீனை ஐஸில் அடுக்கி வைத்த ஓட்டல். அறை 1,800 ரூபாய். அப்போது 7,500 ரூபாய் வரைக்கும் 12 சதவீத ஜி.எஸ்.டி.; ஆக 2,016. (2025 செப்டம்பர் 22-லிருந்து அது 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.) கடற்கரைக்கு நாலு நிமிஷ நடை. பையன் மரியாதையாகப் பேசினான். எனக்குப் பிடித்துவிட்டது.

ரிசார்ட்டில் கேட்டிலிருந்து வரவேற்பறைக்கே பேட்டரி வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்கள். புல்தரை, நீச்சல்குளம், தென்னை. அறை 11,000. 7,500-க்கு மேலே போனால் வரி 18 சதவீதம்; மொத்தம் 12,980. மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே விடுவார்கள், மறுநாள் பதினோரு மணிக்குக் காலி பண்ண வேண்டும். ‘ஒரு நாள்’ என்று வாங்குகிற காசுக்கு இருபத்தொரு மணி நேரம்தான் கணக்கு. அங்கேயே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன், மணிக்கு 618 ரூபாய். தூங்குகிற நேரத்துக்கும் சேர்த்து.

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். லாட்ஜ். மிச்சமாகும் பணம் 10,964 ரூபாய். வீட்டுக்கு வந்து கணக்குத் தாளை இவளிடம் காட்டினேன். பார்த்தாள். “சரி” என்றாள். அவ்வளவுதான். கூட்டல் சரியாக வந்த திருப்தியில் நானும் விட்டுவிட்டேன்.

மகளிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: “அந்த லாட்ஜுல ரூம் எத்தனாவது மாடிப்பா?”

இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இத்தனைக்கும் அந்தப் படியில் நானே ஏறி இறங்கிவிட்டு வந்திருக்கிறேன், மூச்சு வாங்கியது, ஆனாலும் தோன்றவில்லை. இவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிற்று. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகியும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கே அவள் ஏறி இரண்டு வருஷம் இருக்கும். வடகம் காயப்போடுவதை நான்தான் செய்கிறேன்.

“அம்மாகிட்ட எங்க தங்கணும்னு கேட்டீங்களா?” என்றாள் மகள்.

கேட்கவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். இவள் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கேயோ ஒண்ணு. படி இல்லாம இருந்தா தேவலை. படுத்துக்கிட்டே கடல் தெரிஞ்சா நல்லது” என்றாள். எழுந்து போகும்போது சமையலறை வாசற்படியில் நின்று இன்னொன்றும் சொன்னாள்.

“பெட்டி எடுத்துக்கிட்டுப் போகணும்.”

நாற்பது வருஷம். நான் முப்பது ரூபாய் தண்டம் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் கணக்கில் வைத்திருந்தது அந்தப் பெட்டியை. நான் எச்சில் தட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ரிசார்ட்டுக்குப் போன் செய்து முன்பணம் கட்டினேன். மகளிடம் காசு வாங்கவில்லை.

என் வயதுக்காரர்கள் இதைப் படிப்பதால் ஒன்று சொல்கிறேன். விலையைக் கேட்பதற்கு முன்னால் படியைக் கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, குளியலறைக்குள் இறங்கும் இடத்தில் தடுக்கிற படி இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, கட்டில் எவ்வளவு உயரம் என்று எல்லாம் போனிலேயே கேட்கலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. லாட்ஜ் மட்டம், ரிசார்ட் உசத்தி என்றும் இல்லை. நான் பார்த்த ரிசார்ட்டிலேயே சில அறைகளுக்கு ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. தரைமட்ட அறைதான் வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி எழுதி வாங்கிக்கொண்டேன். சனி, ஞாயிறு தவிர்த்தால் விலையும் கொஞ்சம் இறங்கும்.

போகிற அன்று இவள் கல்யாணத்துக்கு வாங்கின பெட்டியைப் பரணிலிருந்து எடுக்கச் சொன்னாள். அந்தத் தகரப் பெட்டி துருப்பிடித்துப் போயிருந்தது. மகன் விட்டுப்போன சக்கரப் பெட்டியில் சமாதானமானாள். ஒரு ராத்திரிக்கு எட்டு நாள் துணி வைத்தாள். அடியில் இட்லிப் பொடி, எலுமிச்சம்பழ சாதம், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தயிர்சாதம். டாக்ஸியில் திருக்கழுக்குன்றம் மலையைக் கடக்கும்போது வழக்கம்போல் கும்பிட்டாள்.

ரிசார்ட் வாசலில் வண்டி நின்றதும் ஒரு பையன் ஓடி வந்து பெட்டியை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டான். இவள் “தம்பி, தம்பி, நானே கொண்டு வரேன்” என்று இரண்டடி நடந்தாள். அவனுக்கு எப்படிப் புரியும்? மேஜைக்காரர் எதிரில் அந்தப் பெட்டியோடு போய் நிற்க வேண்டும் என்றுதானே அத்தனை துணியும் அடுக்கினாள். வெறுங்கையோடு நின்றோம். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு இரண்டு பேர் ஆதாரையும் கேட்டாள். இவள் அட்டையை நீட்டிவிட்டு, என் காதருகே, “அப்ப இது இருந்திருந்தா அன்னிக்கே ரூம் குடுத்திருப்பான்” என்றாள்.

அறை நன்றாக இருந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். குளியலறையில் கம்பி இருந்தது, தரை வழுக்கவில்லை. படுத்துக்கொண்டே பார்த்தால் கடல் தெரியவில்லை, ஒரு செடிவேலி மறைத்தது, உட்கார்ந்தால் தெரிந்தது. ஏ.சி.யை எப்படிக் குறைப்பது என்று தெரியாமல் இவள் இரண்டு புடவையைப் போர்த்திக்கொண்டாள். எட்டு நாள் துணி வைத்ததற்குப் பிரயோஜனம். ராத்திரி பஃபே ஒரு ஆளுக்கு என்ன விலை என்று பார்த்துவிட்டு, கதவைத் தாழ் போட்டு, தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். ஸ்பூனுக்குப் பதிலாகக் காபி கலக்குகிற குச்சி.

தலசயனப் பெருமாளைச் சாயங்காலம் சேவித்துவிட்டு வந்திருந்தோம். புண்டரீக மகரிஷி தாமரைப்பூவை எடுத்துக்கொண்டு, பாற்கடலுக்கு வழி வேண்டும் என்று கடல் தண்ணீரைக் கையால் இறைத்தாராம். பெருமாள் கிழவர் வேஷத்தில் வந்து, பசிக்கிறது என்று அவரை அனுப்பிவிட்டு, அந்தப் பூவைச் சூடிக்கொண்டு அங்கேயே தரையில் படுத்துவிட்டார். ஆதிசேஷன் இல்லை, மெத்தை இல்லை, வெறும் தரை. “பாரேன், அவரும் லக்கேஜ் இல்லாமதான் வந்திருக்கார்” என்றேன். இவள் சந்நிதி என்றுகூடப் பார்க்காமல் சிரித்துவிட்டாள். நாற்பது வருஷத்துக்கு அப்புறம் அந்த விஷயத்தை நானாக எடுத்தது அதுதான் முதல் தடவை.

ஒன்பதரைக்கு நிலா நல்ல உயரத்தில் இருந்தது. கடற்கரைக்குப் போகலாம் என்று பின்பக்கக் கேட்டுக்குப் போனோம். காவலாளி, “ராத்திரியில மணலுக்கு விடறதில்ல சார், சேஃப்டி” என்றார். நல்ல மனுஷர்தான், அவர் வேலை அது. வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றார். கடல் எதிரே, நிலா மேலே, நடுவில் வேலி. வடக்கே எங்கிருந்தோ பம்பைச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

“இது அவங்கதான்” என்றாள் இவள். “போலாம் வாங்க.”

முழங்காலை நினைத்து நான் தயங்கினேன். வாசல் பக்கமாக வெளியே போய் ஆட்டோ பிடித்தோம், நூறு ரூபாய். ஊர்க் கடற்கரையில் இறங்கினால், அப்படியே 1983. மணல் முழுக்கப் புடவைக் கூடாரம். இப்போது நடுநடுவே நீலத் தார்ப்பாயும், சார்ஜ் போட வழியில்லாமல் அணைந்துகொண்டிருக்கிற செல்போன் வெளிச்சமும். மண் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட கன்னியம்மனைத் திரும்ப அழைத்துப்போக வருகிறார்கள் என்று சொல்வார்கள். விடியற்காலையில் மணலில் ஏழு படி கட்டி, பூவும் தேங்காயும் வைத்துக் கும்பிடுவார்கள். அங்கேயே கல்யாணமும் நடக்கும்.

மணலில் உட்காருவதற்குள் இவள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்து கை கொடுத்து உட்கார வைத்தாள். எங்கள் வயதிருக்கும். திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம், செங்கல் சூளையில் வேலை, மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து வந்திருக்கிறார்கள், பேத்திக்குக் காலையில் கல்யாணம். இவளும் அந்தப் பாட்டியும் முழங்கால் வலிக்கு என்ன பூசுவது என்று பேச ஆரம்பித்தார்கள். நொச்சி இலையை வதக்கிக் கட்டச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

“நீங்க எங்கம்மா தங்கியிருக்கீங்க?”

நான் கடலைப் பார்த்தேன். இவள், “அதோ, அங்க ஒரு லாட்ஜுல” என்றாள்.

பாட்டி போய்ப் படுத்துக்கொண்டாள். இருள ஜனங்கள் இந்தத் திறந்த மணலில் படுப்பதைப் பார்த்து ஆஹா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கடனுக்குக் கட்டுண்டு கிடந்த குடும்பங்களைப் பற்றி நம் ஜில்லாவில் எத்தனை செய்தி வந்திருக்கிறது. வருஷத்தில் இந்த இரண்டு மூன்று ராத்திரி அவர்களுடையது. நாங்கள் ஓரமாக உட்காரக் கொஞ்சம் இடம் விட்டார்கள்.

இவள் மெதுவாகச் சாய்ந்து படுத்தாள். என் மடியில் இல்லை, அந்த அளவுக்கு நாங்கள் இன்னும் தேறவில்லை. துணிப்பையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். தெற்கே கடற்கரைக் கோயில் கறுப்பாகத் தெரிந்தது.

“அன்னிக்கு நீ சொன்னப்ப நான் கத்தியிருக்கக் கூடாது” என்றேன்.

“என்ன கத்தினீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“எனக்கும் இருக்கு” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “முப்பது ரூபா தண்டம்னு சொல்றதை இனிமே நிறுத்துங்க. லக்கேஜ் இல்லாததால தரலைன்னே சொல்லுங்க. அதுல நமக்கு என்ன அசிங்கம்?” என்றாள்.

ஒரு மணிக்கு மேலே ஆட்டோ கிடைக்காமல் அலைந்து, ஒரு டீக்கடைக்காரர் தயவில் அறைக்குத் திரும்பினோம். இருபத்தொரு மணி நேரத்தில் அறைக்குள் தூங்கினது ஐந்து மணி நேரம். 12,980-ஐ ஐந்தால் வகுக்கக் கூடாது என்று இவள் முன்கூட்டியே தடை போட்டுவிட்டாள். காலையில் பூரி, தோசை, பொங்கல், பழம் என்று பதினோரு மணி நெருங்கும்வரை சாப்பிட்டோம். அதில் கொஞ்சம் ஈடு கட்டினேன். கிளம்பும்போது அந்தப் பையன் வருவதற்குள் இவள் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, மேஜை எதிரே நின்று, மெதுவாகச் சாவியைக் கொடுத்தாள்.

அந்த வருஷம் ஆடியில் ஒரு முழங்காலுக்கு ஆபரேஷன் ஆயிற்று. மற்றது அடுத்த வருஷம். இப்போது வடகத்தை அவளே மாடியில் காயப்போடுகிறாள், நான் போட்டால் வட்டமாக வரவில்லையாம்.

ஒத்தவாடைத் தெரு லாட்ஜில் லிஃப்ட் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. ஒரு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். இந்தத் தடவை அவளையும் கூட்டிக்கொண்டு.